தடிமன் பிடித்தால் வீட்டில் என்ன செய்யலாம்?

மீள்குடியேறிய முதல் மாரியில், தறப்பாள் கொட்டிலில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தடிமன் பிடிப்பது வழமை. பெரும்பாலும் ஒரு வாரமளவில் அது தானாக மாறிவிடும். அதுவரை பிள்ளையைத் தெம்பாக வைத்திருப்பதே முக்கியம்.

மல்லித் தண்ணீர்: ஒரு கைப்பிடி மல்லியை வறுத்து, ஒரு துண்டு வேர்க்கொம்பைத் தட்டிப் போட்டு, 4 கோப்பை தண்ணீர் பாதியாக வற்றும்வரை கொதிக்க வையுங்கள். பனங்கட்டியுடன் இளஞ்சூடாகக் கொடுங்கள். 6 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுங்கள்.

அவித்த முட்டை: சோறு வேண்டாம் என்று சொல்லும் பிள்ளைக்கு நல்ல சத்து. வெடித்த முட்டையை எடுக்க வேண்டாம். முட்டை மூடும் அளவுக்குத் தண்ணீர் விட்டு, கொதித்த பின் 10 நிமிடம் அவியுங்கள். மஞ்சள் கருவும் இறுகியிருக்க வேண்டும். மிச்சம் வைக்காமல் அப்போதே சாப்பிடக் கொடுங்கள்.

மூச்சு வேகமாக வாங்கினால், நெஞ்சு உள்ளிழுத்தால், குழந்தை பால் குடிக்க மறுத்தால், காய்ச்சல் 2 நாட்களுக்கு மேல் நின்றால் கைமருந்தோடு காத்திருக்க வேண்டாம். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். காய்ச்சல் டெங்குவாகவும் இருக்கலாம்; ஆகவே அஸ்பிரின், இபுபுரூபன் கொடுக்க வேண்டாம்.