நரம்பும் பட்டினி கிடக்கும்

நரம்புகள் மூளையின் ஆணையை உறுப்புகளுக்குக் கொண்டுசெல்லும் தூதுவர்கள் என்பதை யாவரும் அறிவோம். அத்தூதுவர்களுக்கும் உணவு வேண்டும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நரம்புகளின் மேலும் உள்ளும் படர்ந்துள்ள நுண்ணிய குருதி நாளங்களே அவ்வுணவை ஊட்டுகின்றன. இந்நாளங்களின் சுவரில் அழற்சி தோன்றி உள்வழி அடைபடுமாயின், கடைமடைக்கு நீர் வராத பயிர்போல் நரம்பிழைகள் வாடி மடிகின்றன.

1866-ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிரைபர்க் நகரில் குஸ்மால், மையர் என்னும் இரு மருத்துவர்கள், 27 வயதுத் தையல்தொழிலாளி ஒருவரைப் பற்றி எழுதினர். கைகால் தசைகள் வலுவிழந்து அவர் இறந்தபின் உடலைத் திறந்து பார்த்தபோது, தமனிகள் நெடுகிலும் சிறு முடிச்சுகள் காணப்பட்டன. இந்நோய் மருத்துவ உலகில் தெளிவாக அறியப்பட்டது அவர்களால்தான்.

உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே திசைமாறித் தன் நாளங்களைத் தாக்குவது இதன் அடிப்படை. முடக்குவாதம், ஹெபடைடிஸ் பி, சி ஆகிய வைரஸ் தொற்றுகள் முதலியவை இதற்கு வழிவகுப்பதுண்டு. சிலருக்கு நரம்புகள் மட்டுமே பாதிக்கப்படுவதும் உண்டு.

நோயின் முதலை நாட வேண்டும் என்பது வள்ளுவர் காட்டிய நெறி. இங்கு அது மிகவும் பொருந்தும். ஏனெனில், கால் மரத்தாலே 'சர்க்கரைதான்' என்று முடிவு கட்டும் வழக்கம் நம்மிடையே உள்ளது. நீரிழிவால் வரும் மரப்பு பெரும்பாலும் இரு பாதங்களிலும் ஒருசேரத் தொடங்கி மெல்ல மேலேறும். நாள அழற்சியோ ஒரு காலில் கடும் வலியுடன் திடீரெனத் தோன்றும். பாதம் தூக்க இயலாமல் தொங்கும். சில நாட்களிலோ வாரங்களிலோ மறுபுறத்துக் கையின் மணிக்கட்டும் தொய்யலாம். காய்ச்சலும் உடல் மெலிவும் உடன் வரலாம். தொழுநோயும் இவ்வாறு தனித்தனி நரம்புகளைத் தாக்குமாதலால் அதனையும் ஆராய்தல் வேண்டும். குருதிச் சோதனை, நரம்பின் மின்னோட்டச் சோதனை ஆகியவற்றோடு, கணுக்காலருகே உள்ள உணர்வு நரம்பின் சிறு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் காண்பதும் உண்மையை வெளிப்படுத்தும்.

ஸ்டீராய்டு மருந்துகளும், தேவைக்கேற்பச் சைக்ளோபாஸ்பமைடு, ரிட்டுக்சிமாப் போன்றவையும் அழற்சியைத் தணிக்கின்றன. ஆயினும் மடிந்த நரம்பிழை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் அளவே மீண்டும் வளர்கிறது. முழங்காலிலிருந்து 300 மில்லிமீட்டர் கீழே உள்ள பாதத்தை அடைய அதற்கு ஏறக்குறைய 10 மாதங்கள் ஆகும். அப்போதும் முழு நலம் உறுதியன்று. மருந்து நாளத்தின் தீயை அணைக்கலாம். எரிந்த இழையை உடனே தந்துவிடாது.

எனவே, ஒரு பாதம் திடீரெனத் தொங்கினால் எண்ணெய் தடவி நாள் கடத்தாது, அன்றே மருத்துவரை நாடுவோம். இறைவன் அருளிய உடலைப் பேணுதல் நம் கடமையன்றோ!