உப்புக்கு வாரிசு யார்?

வெள்ளைக்காரன் காலத்தில் குலசேகரன்பட்டினத்து உப்பளத்தில், உப்பு விளைவித்தவனே ஒரு பிடி உப்பை வீட்டுக்கு அள்ளிப்போக முடியாது. கடல்நீரைப் பாத்தியில் தேக்கி, வெயிலில் காயவிட்டு, பூத்ததைப் பலகையால் வாரிக் கரையில் குவிப்பதோடு அவன் வேலை முடிந்தது. அதற்குமேல் அது சர்க்கார் உப்பு. குவியலுக்குக் காவல், காவலுக்குத் துப்பாக்கி. வரி கட்டினால்தான் வண்டி வெளியே போகும்.

அந்தத் துப்பாக்கிகளைப் பறிக்க 1942 செப்டம்பரில் இளைஞர்கள் உள்ளே புகுந்ததையும், உப்பு இலாகா அதிகாரி லோன் கொல்லப்பட்டதையும், அந்த வழக்கில் காசிராஜனும் ராஜகோபாலனும் தூக்குத் தண்டனை பெற்று மேடை ஏறாமல் தப்பியதையும் சென்ற வாரம் பார்த்தோம்.

அந்தப் போராட்டத்துக்கு வாரிசு யார்? குலசை என்று சுருக்கி அழைக்கப்படும் குலசேகரன்பட்டினம் அடங்கிய திருச்செந்தூர் மக்களவைத் தொகுதியில் 1967-இல் வென்றவர் சுதந்திராக் கட்சியின் டாக்டர் சந்தோஷம். இந்தியாவில் வலதுசாரிப் பொருளாதாரத்தை வெளிப்படையாகப் பேசி வளர்ந்த முதல் பெரிய கட்சி அது. 1959 ஜனவரியில் நாகபுரி காங்கிரஸ் கூட்டுறவுப் பண்ணைத் தீர்மானத்தை நிறைவேற்றியது. அதை எதிர்த்து அதே ஆண்டு ஜூன் மாதம் சென்னையில், எண்பது வயது ராஜாஜி புதுக் கட்சியை அறிவித்தார். வெள்ளைக்காரன் போய் பர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்யம் வந்துவிட்டது என்பது அவருடைய வாதம். காந்தியின் தர்மகர்த்தா தத்துவத்தைக் கட்சிக் கொள்கையிலேயே எழுதிவைத்தார். விடுதலைப் போரின் மிச்சத்தை நடத்துவது நாங்கள்தான் என்பதே அதன் பொருள்.

ராஜாஜிக்கு அப்படிச் சொல்ல உரிமை இருந்தது. 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து தொண்டர்களோடு கிளம்பி, வேதாரண்யத்தில் உப்பள்ளிச் சிறை சென்றவர் அவர். ஆனால் குலசை கொதித்த 1942-இல் அவர் காங்கிரஸிலேயே இல்லை. ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தை ஏற்காமல் முன்கூட்டியே விலகியிருந்தார். அவருடைய கட்சிக்கோ அந்த உரிமை இன்னும் குறைவு. வடக்கே அதற்கு இடங்களைத் தேடித்தந்தவர்களில் ஜெய்ப்பூர் காயத்ரி தேவி போன்ற அரச குடும்பத்தாரும் பழைய ஜமீன்களும் கணிசம். பிரிட்டிஷ் ஆட்சியின் நிழலில் நிலைத்திருந்த குடும்பங்கள் அவை.

இப்படிப் பூர்வீகம் தேடுவது நம் நாட்டில் மட்டும் நடப்பதல்ல. 1773 டிசம்பர் 16 இரவு, பாஸ்டன் துறைமுகத்தில் 342 தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டினார்கள். சென்னைக் கோட்டையில் உட்கார்ந்திருந்த அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கு. 2009-இல் ஒபாமா அரசின் செலவுகளை எதிர்த்துத் திரண்ட அமெரிக்க வலதுசாரிகள் ‘டீ பார்ட்டி’ என்று அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் 1773-ஆம் ஆண்டின் சட்டத்தால் கம்பெனித் தேயிலை மலிவாகத்தான் ஆகியிருந்தது. தங்களுக்கு ஓர் உறுப்பினர்கூட இல்லாத லண்டன் பாராளுமன்றம் வரி போடுவதா என்பதே பாஸ்டன்காரர்களின் கோபம்.

குலசையிலும் அதுதான். வரி மட்டும் பிரச்சினை என்றால், 1947 பட்ஜெட்டில் உப்பு வரியை எடுத்ததோடு எல்லாம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. திருச்செந்தூர் வட்டாரத்தில் 1942 போராட்டத்தை முன்நின்று நடத்திய கே.டி. கோசல்ராம், விடுதலைக்குப் பிறகு மணிமுத்தாறு அணைக்காக அலைந்து பாடுபட்டார். அணை கட்ட அரசு வேண்டும், அதற்கு வரிப்பணமும் வேண்டும். உப்பளத்தில் புகுந்த தலைமுறை கேட்டது தன் சொந்த அரசை. அரசே வேண்டாம் என்று அது கேட்கவில்லை. அந்தப் போராட்டத்தைச் சிறிய அரசுக்கும் குறைந்த வரிக்குமான முன்னோடியாக்குவது, தூக்குக் கயிற்றின் நிழலில் நின்றவர்களைச் சிறுமைப்படுத்துவதாகவே எனக்குப் படுகிறது.

அப்படியானால் 1967 வெற்றி? 1962-இல் இதே தொகுதி அனுப்பியவர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, செலவு வரியைக் கொண்டுவந்த நிதியமைச்சர். அதனால் வரிக் கோபம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் உப்பு வாருகிறவனுக்கும் வலை இழுக்கிறவனுக்கும் செலவு வரியோடு என்ன சம்பந்தம்? அரிசித் தட்டுப்பாடு, 1965 இந்தி எதிர்ப்பு, தி.மு.க. கூட்டணி — இவைதான் காங்கிரஸைச் சாய்த்தன. அந்த அலையில் சுதந்திராக் கட்சி தமிழகச் சட்டமன்றத்தில் 20 இடங்களையும், நாடு முழுவதும் மக்களவையில் 44 இடங்களையும் பிடித்தது.

1971-இல் திருச்செந்தூர் தி.மு.க.விடம் போனது. 1972 கிறிஸ்துமஸ் அன்று ராஜாஜி மறைந்தார். 1974-இல் கட்சி பாரதிய லோக் தளத்தில் கரைந்தது. 1977 தேர்தலில் திருச்செந்தூர் டெல்லிக்கு அனுப்பியவர் காங்கிரஸ் வேட்பாளர் கோசல்ராம்.

(தொடரும்)