நான்கு நாடு, ஒரு பை: எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது

பாங்காக்கில் இறங்கி, வடக்கே சியாங் மாய் போய், அங்கிருந்து எல்லை தாண்டி லாவோஸின் ஹுவாய் சாயில் படகேறி, மேகோங் ஆற்றில் இரண்டு நாள் மிதந்து லுவாங் பிரபாங் சேர வேண்டும். பிறகு ரயிலில் வாங் வியெங், வியந்தியான். அடுத்து வியட்நாமை ஹனோயிலிருந்து ஹோ சி மின் நகரம் வரை மேலிருந்து கீழாகக் கடந்து, கம்போடியாவின் அங்கோர் வாட்டில் முடிக்க வேண்டும். தென்கிழக்கு ஆசியாவில் கையைக் கடிக்காமல் ஊர் சுற்றுகிறவர்கள் பல காலமாகப் போய்வரும் தடம் இது. சென்னையிலிருந்து பாங்காக்குக்கு நேரடி விமானம் இருப்பதால் நம் பிள்ளைகளும் இப்போது கூட்டம் கூட்டமாகக் கிளம்புகிறார்கள்.

டார்மிட்டரி படுக்கை, தெருக்கடை நூடுல்ஸ், இரவுப் பேருந்து என்று எவ்வளவு வேண்டுமானாலும் செலவைச் சுருக்கலாம். அதனால் யாரும் கெட்டுப்போனதில்லை. விசா, இன்சூரன்ஸ், ஓட்டுநர் உரிமம், குடிப்பது எது என்ற நான்கில் சுருக்கியவர்கள்தான் போலீஸ் நிலையத்திலும் ஆஸ்பத்திரியிலும் போய் நிற்கிறார்கள். ஒரு மாத டார்மிட்டரி வாடகையில் மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கே ஒரே நாளில் கரைந்துவிடும்.

அந்த நான்குக்கும் முன்னால், வழி. தாய்லாந்திலிருந்து பேருந்திலேயே பொய்பெட் எல்லை வழியாகக் கம்போடியாவுக்குள் போய்விடலாம் என்று பழைய பயண நூல்கள் சொல்லும். 2025 ஜூனில் தொடங்கிய எல்லைத் தகராறில் அந்தக் கடவைகள் மூடப்பட்டன. ஜூலையில் இரு நாட்டுப் படைகளும் மோதின, டிசம்பரில் மறுபடியும் சண்டை. மேலே சொன்ன சுற்றுவழியில் கம்போடியாவைக் கடைசியில் வைத்து வியட்நாம் பக்கத்திலிருந்து நுழைவதற்கு இதுவும் ஒரு காரணம். போர், ஆயுத மோதல் சார்ந்த இழப்பைப் பெரும்பாலான டிராவல் இன்சூரன்ஸ் பாலிசிகள் ஏற்பதில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கிளம்பும் வாரத்தில் அந்தந்த நாட்டு இந்தியத் தூதரகத்தின் தளத்தில் எச்சரிக்கை அறிவிப்பு ஏதும் இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

அடுத்தது விசா. ஏமாற்று வேலை அதிகம் நடப்பது இங்கேதான். இந்தியர்களுக்குத் தாய்லாந்து 2024 ஜூலையில் 60 நாள் விசா விலக்கு அறிவித்தது. அதைக் குறைக்கும் பேச்சும் பின்னர் கிளம்பியது. ஆகவே நண்பன் போன வருடம் சொன்ன கணக்கை நம்பாதீர்கள். விசா விலக்கில் தரைவழியாக நுழைவதற்கு ஒரு காலண்டர் ஆண்டில் 2 முறைதான் அனுமதி. 2025 மே முதல் வருகை அட்டையை ஆன்லைனில், வந்திறங்குவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். இதற்குக் கட்டணமே கிடையாது. கூகுளில் தேடினால் முதலில் வந்து நிற்பது பணம் பிடுங்கும் போலித் தளமாக இருக்கலாம். அசல் தளங்களை முகவரியின் வாலை வைத்தே கண்டுபிடிக்கலாம்: நம் நாட்டில் ‘கவ் டாட் இன்’ போல, வியட்நாம், லாவோஸ், கம்போடியா மூன்றுக்கும் ‘கவ்’ என்ற பகுதி இருக்கும், தாய்லாந்துக்கு ‘கோ’ என்று இருக்கும்.

வியட்நாமின் மின்விசா 2023 ஆகஸ்ட் முதல் 90 நாள் வரை கிடைக்கிறது. ஒருமுறை நுழைவுக்கு 25 டாலர், பலமுறை நுழைவுக்கு 50 டாலர். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும் பணம் திரும்பாது. விண்ணப்பிக்கும்போதே எந்த வாசல் வழியாக நுழையப்போகிறோம் என்று குறிப்பிட வேண்டும். மின்விசாவை ஏற்கும் வாசல்களின் பட்டியல் உண்டு, மலைப்பாதையில் இருக்கும் எல்லாச் சின்னக் கடவையும் அதில் இல்லை. லாவோஸிலிருந்து பேருந்தில் போகிறவர்கள் இதைக் கவனிக்காமல் நள்ளிரவில் எல்லையில் இறக்கிவிடப்பட்ட கதைகள் நிறைய. லாவோஸ் விசாவை ஹுவாய் சாயிலேயே வாங்கலாம். புகைப்படமும் டாலர் நோட்டும் வேண்டும். மடிப்பு, கிழிசல், பேனாக் கிறுக்கல் இருக்கும் நோட்டைக் கவுன்ட்டரில் இருப்பவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தள்ளிவிடுவார். சென்னையில் டாலர் மாற்றும்போதே புது நோட்டாகக் கேட்டு வாங்குங்கள். அந்த விசா ஸ்டிக்கர் பாஸ்போர்ட்டில் ஒரு முழுப் பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும், வெற்றுப் பக்கங்களை எண்ணிக்கொள்ளுங்கள்.

தமிழர்களுக்கென்றே ஒரு தலைவலி உண்டு: இனிஷியல். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் சிலருக்கு அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும், சிலருக்கு அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும். ஆனால் விமான டிக்கெட் தளம் குடும்பப் பெயரைக் கேட்டு அடம்பிடிக்கும், அவசரத்தில் எதையாவது தட்டிவிடுவோம். டிக்கெட்டில் ஒன்று, விசாவில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று என்று இருந்தால் மீனம்பாக்கத்திலேயே பயணம் முடிந்துவிடலாம். உள்ளே விடப்படாத பயணியைத் திருப்பி அழைத்து வரும் பொறுப்பு விமான நிறுவனத்தின் தலையில் விழுவதால் அவர்கள் கறாராகத்தான் இருப்பார்கள். பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கத்தில் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கிறதே, அதில் இருக்கும் எழுத்துக்களை அப்படியே விசாவில் பயன்படுத்துங்கள். குடும்பப் பெயர்க் கட்டம் காலி என்றால் டிக்கெட் போடும் முன் விமான நிறுவனத்திடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

‘ஒரு நாள் கூடுதலாக இருந்தால் என்ன’ என்று நினைப்பவர்களுக்கு: தாய்லாந்தில் அனுமதிக் காலம் தாண்டினால் நாளுக்கு 500 பாத் அபராதம், உச்சவரம்பு 20,000 பாத். தானாகப் போய் ஒத்துக்கொண்டு விமான நிலையத்தில் கட்டுவது ஒரு மாதிரி, நடுவழியில் போலீஸ் பிடித்தால் வேறு மாதிரி. இரண்டாவதில் காவலும், சில ஆண்டுகள் நுழையத் தடையும் காத்திருக்கின்றன.

இனி ஸ்கூட்டர். சியாங் மாயிலிருந்து பாய் என்ற மலையூருக்குப் போகும் சாலையில் 762 வளைவுகள். அந்த எண் போட்ட டிஷர்ட்டையே பாயில் விற்கிறார்கள். அதே தெருவில் முழங்காலிலும் முழங்கையிலும் கட்டுப் போட்ட வெளிநாட்டு இளைஞர்கள் நொண்டி நடப்பதையும் பார்க்கலாம். ஊரில் பைக் ஓட்டிய தைரியம் இங்கே செல்லாது என்று சொல்லவில்லை, காகிதம் செல்லுமா என்பதுதான் கேள்வி. இந்தியாவில் ஆர்டிஓ அலுவலகம் 1,000 ரூபாய்க்குத் தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949-ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தப்படியானது. தாய்லாந்தில் அது போதும், இருசக்கர வாகனப் பிரிவு அதில் குறிக்கப்பட்டிருந்தால். வியட்நாம் ஏற்பதோ 1968-ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தப்படியான அனுமதியை. ஆக, நம் அனுமதியை வைத்துக்கொண்டு ஹா ஜியாங் மலைச் சுற்றில் வண்டி ஓட்டுகிறவர் சட்டத்தின் கண்ணில் உரிமம் இல்லாதவர். வாடகைக் கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார், சாவியைக் கொடுத்துவிடுவார். விழுந்து கால் உடைந்தால், உரிமமில்லாமல் ஓட்டினீர்கள் என்று இன்சூரன்ஸ் நிறுவனம் கையை விரித்துவிடும். உள்ளூர்க்காரர் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து போகும் ஏற்பாடு அங்கே தாராளமாகக் கிடைக்கிறது. அதற்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு வீணில்லை. வியட்நாமில் ஒரு பீர் குடித்துவிட்டு ஓட்டினாலும் குற்றம், குறைந்தபட்ச அளவு என்று எதுவும் கிடையாது.

வாடகைக் கடையில் பாஸ்போர்ட்டை அடமானமாகக் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். 1967-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி அது மத்திய அரசின் சொத்து, அடகு வைக்க உங்களுக்கே உரிமையில்லை. நகலும் ரொக்க முன்பணமும் வாங்கிக்கொள்ளும் கடை பக்கத்திலேயே இருக்கும். வண்டியை எடுக்கும் முன் கடைக்காரர் கண்ணெதிரே செல்போனில் வீடியோ எடுங்கள்: இரண்டு கண்ணாடிகள், இண்டிகேட்டர், சைலன்சர் உறை, அடிப்பக்கம், ஏற்கெனவே இருக்கும் கீறல் ஒவ்வொன்றும். பட்டாயா, புக்கெட் கடற்கரைகளில் ஜெட் ஸ்கீயைத் திருப்பிக் கொடுக்கும்போது பழைய கீறலைக் காட்டிப் பெரும் தொகை கேட்டு மிரட்டுவது பேர்போன மோசடி. அப்படி மாட்டினால் பேரம் பேசாமல் 1155-க்குப் போன் செய்யுங்கள். அது தாய்லாந்தின் சுற்றுலாப் போலீஸ், ஆங்கிலத்தில் பேசலாம். பலருக்குத் தெரியாத இன்னொன்று: தாய்லாந்தில் ஒவ்வொரு வண்டிக்கும் கட்டாயக் காப்பீடு இருக்க வேண்டும். விபத்தில் தவறு யாருடையது என்று பார்க்காமலேயே ஆரம்ப சிகிச்சைக்கு 30,000 பாத் வரை அது தரும். வண்டியில் அந்தக் காகிதம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

அடுத்தது குடிப்பது. 2024 நவம்பரில் வாங் வியெங்கில் ஆஸ்திரேலியா, டென்மார்க், பிரிட்டன், அமெரிக்காவைச் சேர்ந்த 6 பயணிகள் மெத்தனால் கலந்த மதுவால் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றதும் இதே மெத்தனால்தான். மணமும் சுவையும் காட்டிக்கொடுக்காது. குடித்தவுடன் ஒன்றும் தெரியாது, அரை நாள் அல்லது ஒரு நாள் கழித்து வாந்தி, வயிற்றுவலி, பார்வையில் மூட்டம் என்று தொடங்கும். ஹேங்ஓவர் என்று போர்த்திக்கொண்டு படுப்பவர்கள்தான் எழுந்திருப்பதில்லை. ஆஸ்பத்திரியில் மாற்று மருந்தும் டயாலிசிஸும் நேரத்துக்குக் கிடைத்தால் பிழைக்கலாம். லாவோஸில் நிலைமை மோசமானவர்களை மேகோங் பாலம் தாண்டித் தாய்லாந்தின் உடோன் தானிக்குக் கொண்டுபோவதே வழக்கம். அவசர மருத்துவ இடமாற்றத்துக்கு ஈடு தரும் பாலிசியா என்று பார்க்கச் சொல்வது அதனால்தான். ஹாஸ்டலில் இலவசமாக ஊற்றித் தரும் ஷாட், வாளியில் கலக்கிய காக்டெயில் இரண்டும் வேண்டாம். குடித்தே ஆக வேண்டும் என்றால் மூடி திறக்காத பீர்.

நாய், குரங்கு கடித்தால் காயத்தை 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசிக்குப் போக வேண்டும், அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்பது கூடாது. காய்ச்சல் வந்தால் டெங்குவாக இருக்கலாம், பாராசிட்டமால் தவிர ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் எதையும் நீங்களாகப் போடாதீர்கள். லாவோஸில், குறிப்பாக ஜாடிகளின் சமவெளி இருக்கும் சியெங் குவாங் பகுதியில், போட்ட பாதையை விட்டு இறங்காதீர்கள். 1964 முதல் 1973 வரை அமெரிக்கா 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்ட நாடு அது. வெடிக்காமல் கிடக்கும் கொத்துக்குண்டுகள் டென்னிஸ் பந்து அளவில் மண்ணுக்குள் இன்னும் இருக்கின்றன.

பயணத்தின் நடுவே கையில் காசு குறையும்போது வரும் ஆபத்து தனி. ‘டேட்டா என்ட்ரி வேலை, தங்க இடம், டாலரில் சம்பளம்’ என்று டெலிகிராமிலோ ஹாஸ்டல் நண்பர் மூலமோ அழைப்பு வரும். படகேறும் ஹுவாய் சாய் இருக்கும் அதே பொக்கியோ மாகாணத்தில்தான் கோல்டன் டிரையாங்கிள் சிறப்புப் பொருளாதார மண்டலமும் இருக்கிறது. இணைய மோசடி வேலைக்கு அடைக்கப்பட்ட இந்தியர்களை அங்கிருந்து நம் தூதரகம் மீட்டிருக்கிறது. மியான்மரின் மியாவாடி பக்கம் சிக்கியவர்களில் 500-க்கும் மேற்பட்டோர் 2025 மார்ச்சில் தாய்லாந்தின் மே சொட்டிலிருந்து விமானப்படை விமானங்களில் திரும்பினார்கள். சென்னைக் குடியேற்றக் கவுன்ட்டரில் தனியாகப் போகும் இளைஞர்களிடம் கேள்வி கூடியதற்கும் இதுவே காரணம். திரும்பும் டிக்கெட்டும் தங்குமிடப் பதிவும் கையில் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும். சுற்றுலா அனுமதியில் போய் எந்த வேலையும் பார்க்க முடியாது, படுக்கைக்குப் பதிலாக ஹாஸ்டலில் பெருக்கித் துடைப்பதுகூடச் சட்டப்படி சிக்கல்தான்.

அதேபோல, இலவச டிக்கெட்டுக்கு ஈடாக ‘ஒரு பையைச் சென்னையில் கொடுத்துவிடுங்கள்’ என்பவரிடமிருந்து விலகி நடங்கள். பாங்காக்கிலிருந்து வரும் உயர்ரகக் கஞ்சாவோடு சென்னை விமான நிலையத்தில் பிடிபடும் செய்தி நாளிதழ்களில் வந்தபடியே இருக்கிறது. தாய்லாந்து 2022-இல் கஞ்சாவைத் தளர்த்தியது, 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு வேண்டும் என்று மறுபடி இறுக்கியது. இந்தியாவிலோ எப்போதுமே போதைப்பொருள் தடுப்புச் சட்டம்தான், அளவைப் பொறுத்துத் தண்டனை 20 ஆண்டு வரை போகும். வேப் கருவி நான்கு நாடுகளிலுமே தடை.

எல்லாம் மீறி ஏதாவது நடந்துவிட்டால்? பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் உள்ளூர்ப் போலீஸில் புகார் கொடுத்து அதன் நகல் வாங்குங்கள், அது இல்லாமல் தூதரகமும் இன்சூரன்ஸும் நகராது. தூதரகங்கள் பாங்காக், வியந்தியான், ஹனோய், நாம்பென் நகரங்களில் உள்ளன, ஹோ சி மின் நகரிலும் சியாங் மாயிலும் துணைத் தூதரகம் உண்டு. அவசரச் சான்றிதழ் கிடைக்கும், ஆனால் அது இந்தியா திரும்ப மட்டுமே உதவும், மீதி நாடுகளை மறந்துவிட வேண்டியதுதான். அதை வாங்கிய பிறகும் அந்நாட்டுக் குடியேற்ற அலுவலகத்தில் வெளியேறும் அனுமதி வாங்க வேண்டும்.

கைதானால், தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லிக் கேட்பது 1963-ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்தின் 36-ஆவது பிரிவு தரும் உரிமை. மொழி புரியாத காகிதத்தில் கையெழுத்துப் போடாமல் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். தூதரக அதிகாரி வந்து பார்ப்பார், குடும்பத்துக்குச் சொல்வார், வக்கீல்கள் பட்டியல் தருவார். வழக்கிலிருந்து விடுவிக்கவோ ஆஸ்பத்திரி பில் கட்டவோ அவரால் ஆகாது. உண்மையிலேயே நிர்க்கதியானவர்களுக்கு இந்தியச் சமூக நல நிதி என்று ஒன்று இருக்கிறது. ஊரிலிருக்கும் பெற்றோர் வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ தளத்தில் புகார் பதிவு செய்து தொடரலாம்.

கார்டில் தெரியாத கழிவு வந்தால் வங்கிக்கு உடனே சொல்லுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 அறிவிப்புப்படி, உங்கள் கவனக்குறைவால் நடக்காத மோசடியை 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் உங்கள் இழப்பு பூஜ்யம். ஏடிஎம்மில் ‘ரூபாயில் மாற்றிக் கழிக்கட்டுமா’ என்று கேட்டால் மறுத்துவிட்டு உள்ளூர்ப் பணத்திலேயே எடுங்கள், அவர்கள் போடும் மாற்று விகிதம் எப்போதும் நமக்கு நட்டம்தான்.

இங்கே பேக்கேஜ் விற்ற ஏஜென்ட் ஏமாற்றினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், ஏஜென்ட் டெல்லியில் இருந்தாலும் சரி. இன்சூரன்ஸ் நிறுவனம் மறுத்தாலோ ஒரு மாதம் பதிலே தராவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், சென்னையில் அலுவலகம் உண்டு, கட்டணமில்லை, வக்கீலும் தேவையில்லை. அங்கே கேட்கப்படுவது பாலிசி, ஆஸ்பத்திரி ரசீதுகள், போலீஸ் புகார் நகல், ஓட்டியிருந்தால் உரிமம். தாய் மொழியிலோ வியட்நாமியத்திலோ இருக்கும் பில்லுக்கு ஆங்கில நகலை, டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே அந்த ஆஸ்பத்திரியிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.