உங்களுக்குத் தெரியுமா? பரு முகத்தில், கவனம் வயிற்றில்!

★ கட்டி கட்டியாக எழும்பித் தழும்பு விட்டுப்போகும் கடும் பருவுக்குத் தோல் மருத்துவர்கள் எழுதித்தரும் ஐசோட்ரெட்டினாயின், வைட்டமின் ஏ-யின் நெருங்கிய சொந்தம். வேறெந்த மருந்துக்கும் மசியாத பரு உள்ள 14 பேருக்குக் கொடுத்ததில் 13 பேருக்கு முழுவதும் மறைந்ததாக, அமெரிக்க மருத்துவர் கேரி பெக் குழுவினர் 1979-இல் எழுதினார்கள். 1982-இல் அங்கே ஒப்புதல் கிடைத்தது. அருமையான மருந்துதான். ஆனால் உதடு வெடிக்கும் என்று எச்சரிக்கும் தோழிகள் வயிற்றைப் பற்றிச் சொல்வதில்லை.

★ வைட்டமின் ஏ சொந்தம் என்றால் கேத்திப் பள்ளத்தாக்குக் கேரட்டை ஒதுக்க வேண்டுமா? வேண்டாம். கேரட்டில் இருப்பது பீட்டா கரோட்டின்; உடம்பு தனக்குத் தேவையான அளவே அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். தவிர்க்க வேண்டியவை வைட்டமின் ஏ மாத்திரையும் மீன் ஈரல் எண்ணெயும்.

★ வழக்கமான ஐசோட்ரெட்டினாயின் கேப்சூல் கொழுப்பில் கரைவது. காலைக் குளிரில் வெறும் டீயோடு விழுங்கிவிட்டு எஸ்டேட் வேலைக்கு ஓடினால், உள்ளே சேர்வது பாதிக்கும் குறைவாகலாம். சாப்பாட்டோடு எடுப்பதே சரி. வேலை செய்யவில்லை என்று நீங்களே இரண்டாக்கிவிடாதீர்கள்.

★ இந்த மருந்து ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பை ஏற்றக்கூடும். 150-க்குள் இருக்க வேண்டியது 1,000-ஐத் தாண்டினால் கணையம் வீங்கும் ஆபத்து பெருகும். அரிதாகவே நடக்கும், நடந்தால் உயிருக்கே உலை. மேல் வயிற்றில் பிடித்து முதுகுவரை பாயும் வலி, கூடவே ஓயாத வாந்தி என்றால் அது ‘கேஸ்’ அல்ல. ஓமத் தண்ணீர் குடித்துக் காத்திராமல், மருந்தை நிறுத்திவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கொழுப்பு அளவு சரியாக இருந்தவர்களுக்கும் கணைய அழற்சி வந்ததுண்டு. ‘போன வாரம்தான் டெஸ்ட் எடுத்தேன்’ என்று வலியைத் தள்ளிப்போடாதீர்கள். கண் மஞ்சளானாலும் சிறுநீர் கறுத்தாலும் கல்லீரலைப் பார்க்க வேண்டும்.

★ டிரைகிளிசரைடு பார்க்கும் ரத்தப் பரிசோதனைக்கு முந்தைய இரவிலிருந்து பச்சைத் தண்ணீர் மட்டும். விடிந்ததும் பாலும் சர்க்கரையும் போட்ட ஒரு டம்ளர் டீ அந்தக் கணக்கையே குழப்பிவிடும்.

★ குன்னூர் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டுவது சகஜம். ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கி நெடுநேரமாகியும் கடும் தலைவலி, பார்வை மங்கல், வாந்தி என்றால் கோளாறு வயிற்றில் இல்லை. தலைக்குள் அழுத்தம் ஏறியிருக்கலாம். இந்தக் கேப்சூலோடு டாக்ஸிசைக்ளின் என்னும் மருந்தும் சேர்ந்தால் இந்த ஆபத்து கூடும். மலையோரப் புதர்களில் உள்ள சிறு பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலுக்கு அந்த டாக்ஸிசைக்ளின்தான் முதல் மருந்து! காய்ச்சலுக்குப் போகும்போது பரு கேப்சூலை மறக்காமல் சொல்லுங்கள்.

★ ஐசோட்ரெட்டினாயினால் குடல் அழற்சி நோய் வந்ததென்று அமெரிக்காவில் ஏராளமான வழக்குகள் குவிந்தன. 2009-இல் ரோஷ் நிறுவனம் ‘அக்யூட்டேன்’ என்ற தன் ஐசோட்ரெட்டினாயின் பிராண்டை அங்கே விலக்கிக்கொண்டது. பிந்தைய பெரிய ஆய்வுகள் அந்தத் தொடர்பை உறுதிப்படுத்தவில்லை. ஆனாலும் மலத்தில் ரத்தமோ நிற்காத பேதியோ கண்டால் மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

★ எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து வயிற்றில் வளரும் சிசுவுக்கு. மூளை, இதயம், காது, முகம் எல்லாம் குறைபாட்டோடு உருவாகக்கூடும். கர்ப்பமில்லை என்று உறுதிசெய்த பிறகே தொடங்க வேண்டும். மருந்து சாப்பிடும் காலம் முழுதும், நிறுத்தி ஒரு மாதம்வரையும் கருத்தரிக்கக் கூடாது. அக்காவின் மருந்துச் சீட்டைக் காட்டித் தங்கைக்கு வாங்குவது பெருந்தவறு. மருந்து சாப்பிடும்போதும், நிறுத்திய பின் அதே ஒரு மாதத்துக்கும் ஆணும் பெண்ணும் ரத்ததானம் செய்யக் கூடாது. அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்படலாம்.