துவைத்த தண்ணீரோடு போகிற பஞ்சு

மார்கழிக் குளிருக்கென்று பேத்திக்கு வாங்கின அக்ரிலிக் ஸ்வெட்டரை நாலு தடவை வாஷிங் மெஷினில் போட்டாயிற்று. போன வாரம் மெஷினுக்குள்ளிருக்கும் வலைப்பையைக் கழற்றினால், உள்ளே ரோஸ் நிறத்தில் ஒரு பிடிப் பஞ்சு!

"பையில சிக்கினதே இவ்வளவுன்னா, சிக்காம சாக்கடைக்குப் போனது எவ்வளவு இருக்கும் அத்தை?" என்றாள் மருமகள்.

நல்ல கேள்விதான். இதே கேள்வியை விஞ்ஞானிகளும் கேட்டிருக்கிறார்கள். மார்க் பிரவுன் என்பவரும் அவருடைய சகாக்களும் உலகத்தின் பல கடற்கரைகளில் மணலை அள்ளிச் சோதித்து, 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். மணலில் இருந்த பிளாஸ்டிக் துணுக்குகளில் பெரும்பாலானவை பாலியஸ்டர், அக்ரிலிக் இழைகள். ஒரே ஒரு உடுப்பை ஒரு தடவை துவைத்தால் 1,900-க்கும் மேற்பட்ட இழைகள் உதிரலாம் என்றும் கண்டார்கள். 2016-ல் இங்கிலாந்தில் பிளிமத் பல்கலைக்கழகத்தார் ஆறு கிலோ துணிக்குக் கணக்குப் போட்டபோது எண்ணிக்கை இன்னும் எகிறியது. அக்ரிலிக் என்றால் சுமார் 7 லட்சத்து 28 ஆயிரம் இழைகள். பாலியஸ்டர் என்றால் 4 லட்சத்து 96 ஆயிரம். பாலியஸ்டரும் பருத்தியும் கலந்ததென்றால் 1 லட்சத்து 38 ஆயிரம். படித்ததும் எனக்குப் பகீரென்றது.

ஏன் உதிர்கிறது? பூ கட்டுகிற நாருக்குத் தெரியும் இந்த ரகசியம். நீளமான நார் பிரியாது. துண்டு துண்டாக இருந்தால் பிசிறடிக்கும். குட்டையான இழைகளைச் சேர்த்து லேசாக முறுக்கின நூல், குளிர் தாங்குவதற்காக மேலே சுரண்டிப் புசுபுசுவென்று ஆக்கின துணி, மடித்துத் தைக்காமல் விட்ட வெட்டு விளிம்பு எல்லாமே இழையைச் சிந்தும். குழந்தைக்கு மெத்தென்று இருக்கட்டுமென்று நாம் தேடித்தேடி வாங்குவது, ஐயோ, அந்தப் புசுபுசுவைத்தானே!

இதைச் சோதிக்கிற முறை நம் சமையலறைச் சமாசாரம் மாதிரியே இருக்கிறது. ஓரம் மடித்துத் தைத்த துணித்துண்டை எஃகுக் குண்டுகளோடும் தண்ணீரோடும் மூடிபோட்ட பாத்திரத்தில் அடைத்து, சூடான தொட்டியில் சுழல விடுகிறார்கள். பிறகு அந்தத் தண்ணீரை மெல்லிய வடிதாளில் வடிகட்டி, தாளை உலர்த்தி நிறுக்கிறார்கள். வடிகட்டுவதற்கு முன்னால் தாள் இருந்த எடையைக் கழித்தால் உதிர்ந்த பஞ்சின் எடை தெரிந்துவிடும். சோதிப்பவர்களின் சட்டையிலிருந்து ஓர் இழை விழுந்தாலும் கணக்குக் கெட்டுப்போகும். அதனால் துணியே போடாமல் வெறும் தண்ணீரையும் அதே மாதிரி சுழற்றி, வடித்துப் பார்த்துக்கொள்கிறார்கள். 2023-ல் இதற்கு ஐ.எஸ்.ஓ. உலகத் தரமுறையும் வந்துவிட்டது. ஒருத்தர் எண்ணிச் சொல்ல, இன்னொருத்தர் நிறுத்துச் சொல்ல, எதை எதோடு ஒப்பிடுவதென்று தெரியாமலிருந்த குழப்பம் இனி குறையும்.

"அப்போ நூல் துணி உதிராதா?" என்று கேட்பீர்கள். உதிரும். 2020-ல் வெளியான ஓர் ஆய்வில் ஆறு கடற்பகுதிகளின் நீரை அலசியபோது, கிடைத்த இழைகளில் 8 சதவீதம் போலத்தான் செயற்கை. மற்றதில் பெரும்பங்கு பருத்தி போன்ற தாவர இழைகள். ஆகவே பாலியஸ்டரை மட்டும் வில்லியாக்குவது நியாயமில்லை. ஆனாலும் பருத்தி நாளடைவில் மக்கும். பாலியஸ்டர் லேசில் மக்காது.

எனக்கு ஆச்சரியம் தந்தது மெஷின் விஷயம். மென்மையான துணிக்கென்று ஒரு 'டெலிகேட்' பொத்தான் இருக்கிறதே, அதில்தான் அதிகம் உதிர்கிறதாம்! நியூகாஸில் பல்கலைக்கழகத்தார் 2019-ல் கண்டது இது. குலுக்கலைவிடத் தண்ணீரின் அளவுதான் முக்கியம். துணி கொஞ்சமும் தண்ணீர் நிறையவும் இருந்தால் இழை கழன்றுவிடுகிறது. ஒரே ஒரு ஸ்வெட்டருக்காக மெஷினை ஓட்டின என் காரியம் எப்படி இருந்திருக்கிறது பாருங்கள்! இரண்டு நாள் துணியைச் சேர்த்து, மெஷின் நிறையப் போட்டு, வெந்நீரில்லாமல் குறைந்த நேரம் ஓட்டினால் உதிர்வது குறைகிறது.

கையால் துவைப்பவர்களுக்கு ஒரு சந்தோஷம். 2023-ல் வெளியான சீன ஆய்வொன்றில், பாலியஸ்டர் துணியைக் கையால் துவைத்தபோது சுமார் 1,850 இழைகள். மெஷினிலோ 23,700-க்கும் மேல்! சலவைப் பலகையில் தேய்த்தால் இந்த எண்ணிக்கை கூடுகிறது. ஆகவே கல்லில் ஓங்கி அடிக்காமல், கசக்கி அலசினால் போதும்.

"ஸ்வெட்டரைத் தூக்கிப் போட்டுடலாமா அத்தை?" என்றாள் மருமகள். வேண்டாமென்றேன். முதல் சில சலவைகளில்தான் அதிகம் உதிர்கிறதென்று பல ஆய்வுகள் சொல்கின்றன. இதைப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பமாகும்.

அவள் வலைப்பையைக் குழாயடியில் அலசக் கிளம்பினாள். கையைப் பிடித்து நிறுத்தினேன். அலசினால் பிடித்த பஞ்செல்லாம் நேரே சாக்கடைக்குத்தானே போகும்? பையை வெயிலில் காயவைத்து, பஞ்சை உருட்டிக் காகிதத்தில் மடித்துக் குப்பைக்கூடையில் போட்டோம். நெல்லிக்காய் அளவு இருந்தது.