பனி மாவட்டத்தின் நாட்காட்டி

நம் ஊரில் வானிலை எப்படி என்று கேட்டால், பெரும்பாலும் இரண்டே விடைகள்தாம்: வெயில், இல்லாவிட்டால் மழை. திருமணமோ தேர்வோ, வானிலையைக் கேட்டு நாம் நாள் குறிப்பதில்லை. ஆனால், பள்ளி விடுமுறையைக்கூட உறைபனி வரும் நாளைக் கணக்கிட்டு வைத்துக்கொண்ட ஊர்கள் உலகில் உண்டு. அப்படிப்பட்ட மாவட்டம் ஒன்றில் மேற்படிப்பின் பொருட்டு ஓராண்டு தங்கியிருந்தேன். அங்கே கண்டும் கேட்டும் படித்தும் அறிந்ததைப் பேரவை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருப்பது மேய்ன் மாநிலம். அதன் வடகோடியில், மூன்று பக்கமும் கனடா சூழ, அரூஸ்டுக் கவுண்டி அமைந்துள்ளது. கவுண்டி என்பதை நாம் மாவட்டம் எனலாம். பரப்பளவில் சிங்கப்பூரைப் போல் இருபது மடங்குக்கும் மேல். மக்களோ 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 67,000 பேர்தான். எஞ்சியவை காடுகளும் உருளைக்கிழங்கு வயல்களும்.

குளிர் எங்கிருந்து வருகிறது?

கடலுக்கு அருகிலுள்ள இடங்களில் குளிர் தணிந்திருக்கும் என்று புவியியலில் படித்திருக்கிறோம். மேய்ன் கடலோர மாநிலம்தானே, பிறகு ஏன் இத்தனை குளிர்? விடை காற்றின் திசையில் இருக்கிறது. அந்தப் பகுதியில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வீசுகிறது. கடலோ தெற்கிலும் கிழக்கிலும் இருக்கிறது. ஆகவே, குளிர்காலத்தில் அரூஸ்டுக்கை வந்தடைவது கடற்காற்று அன்று; கனடாவின் உறைந்த நிலப்பரப்பைக் கடந்து வரும் காற்று. டிசம்பரில் பகற்பொழுது எட்டரை மணி நேரம்தான். சூரியனும் தாழ்வாகவே சென்று மறைந்துவிடும்.

கேமரன் மலையில் 1978இல் பதிவான 7.8 பாகை செல்சியஸ் மலேசியக் குளிரின் சாதனை அளவு. அரூஸ்டுக்கின் கேரிபூ நகரில் ஜனவரி மாதச் சராசரியே சுழியத்துக்குக் கீழ் 12 பாகையை ஒட்டியிருக்கும். மாவட்டத்தின் மேற்கேயுள்ள பிக் பிளாக் ஆற்றுப் பகுதியில் 2009 ஜனவரி 16 அன்று சுழியத்துக்குக் கீழ் 45.6 பாகை பதிவானது. மேய்ன் மாநிலத்திலேயே அதுதான் மிகக் குறைந்த அளவு.

எனக்கு வியப்பளித்தது வேறொன்று. மேகமற்ற, நட்சத்திரங்கள் மின்னும் அழகான இரவுதான் அங்கே மிகக் கொடிய இரவு. மேகம் பூமிக்குப் போர்வை போன்றது. அது விலகினால் நிலத்தின் வெப்பம் தடையின்றி விண்ணுக்குப் போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் பள்ளத்தாக்குகளில் இறங்கித் தேங்கிவிடும். நான் குடியிருந்த வீட்டின் மூதாட்டி அத்தகைய மாலைகளில், "வானம் தெளிவாக இருக்கிறது, காரைச் சொருகிவிட மறக்காதே" என்பார். காரின் இயந்திரத்தைச் சூடாக வைத்திருக்கும் மின்கருவியை இணைக்கச் சொல்கிறார் என்பது எனக்குப் புரியவே சில நாளானது.

பகை பனியும் நட்புப் பனியும்

புல்நுனியில் நிற்கும் துளியையும் பனி என்கிறோம், வானிலிருந்து பஞ்சாய் விழுவதையும் பனி என்கிறோம். அரூஸ்டுக் விவசாயி இப்படிக் கலந்து பேச முடியாது. நிலத்தின்மேல் படியும் உறைபனி அவருக்குப் பகை, செடியைக் கருக்கிவிடும். வானிலிருந்து விழும் வெண்பனி ஒருவகையில் நட்பு. புதிதாக விழுந்த வெண்பனியின் கன அளவில் பெரும்பகுதி காற்றுதான். அந்தக் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. எனவே, மேலே கடுங்குளிர் அடித்தாலும் பனிப்பொதிக்குக் கீழுள்ள மண் அந்த அளவுக்குக் குளிர்வதில்லை. கேரிபூவில் ஒரு குளிர்காலத்தில் விழும் பனியைக் கூட்டினால் சராசரியாக மூன்று மீட்டர் வரும்.

நான்கு மாத அவகாசம்

உறைபனி இல்லாத காலம் ஆண்டில் ஏறத்தாழ நான்கு மாதங்களே. மாவட்டத்தின் வாழ்க்கை முழுவதும் இந்த நான்கு மாதங்களைச் சுற்றியே சுழல்கிறது. மே மாதம் உருளைக்கிழங்கு நடவு. ஜூனில் பகல் ஏறக்குறைய பதினாறு மணி நேரம் நீள்கிறது. குறுகிய காலத்துக்கு ஈடாக இயற்கை தரும் சலுகை அது. ஜூலையில் வயலெங்கும் பூ. செப்டம்பர் நடுவில் அறுவடை தொடங்கிவிடும். கிழங்கு மிகவும் குளிர்ந்துவிட்டால் தோண்டும்போது எளிதில் அடிபடும், உறைந்துவிட்டால் அழுகிப்போகும். அதனால்தான் அங்கே பள்ளிகள் ஆகஸ்டிலேயே தொடங்கி, அறுவடைக்காகச் சுமார் மூன்று வாரம் மூடப்படும் வழக்கம் ஏற்பட்டது. தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் வயலில் இறங்கிக் கூலி பெற்றிருக்கிறார்கள். இயந்திரங்கள் பெருகிய பின்னர் சில பள்ளிகள் இவ்விடுமுறையைக் குறைத்தும் கைவிட்டும் வருகின்றன.

குளிர்காலம் கடந்துவிட்டால் நிம்மதி என்று எண்ணிவிடக் கூடாது. 2007-08 குளிர்காலத்தில் கேரிபூவில் 5 மீட்டருக்கும் மேல் பனி கொட்டியது. அந்நகரில் அதுவே சாதனை. ஏப்ரல் இறுதியில் அது உருகிக்கொண்டிருந்தபோது கனமழையும் சேர்ந்துகொண்டது. எல்லையில் ஓடும் செயின்ட் ஜான் ஆறு, ஃபோர்ட் கென்ட் நகரில் 9 மீட்டருக்கு மேல் உயர்ந்தது. ஆற்றோர மக்கள் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. ஜனவரியில் பொழிந்த பனி மே மாதத்தில் வெள்ளமாக வந்து கதவைத் தட்டும் என்பதை அவ்வூரார் மறப்பதில்லை.

பனி வராத ஆண்டு

பனி மிகுந்தால் மட்டுமன்று, குறைந்தாலும் இழப்புதான். ஃபோர்ட் கென்டில் ஆண்டுதோறும் மார்ச் மாதத் தொடக்கத்தில் நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டிப் பந்தயம் நடைபெறும். 2024ஆம் ஆண்டு போதிய பனி இல்லாததால் அது கைவிடப்பட்டது. பனியூர்திகளில் வரும் பயணிகளை நம்பியிருக்கும் விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் பனியற்ற குளிர்காலம் வருமானமற்ற காலம். அதே ஆண்டு ஜூனில் கேரிபூவில் வெப்பம் 35 பாகையைத் தாண்டி, அந்நகரின் பழைய சாதனையைத் தொட்டது. குளிரைத் தாங்கக் கட்டப்பட்ட வீடுகளில் பல, குளிரூட்டி இல்லாதவை.

குளிர் குறைந்தால் அம்மக்களுக்கு நல்லதுதானே என்று இங்கிருக்கும் நமக்குத் தோன்றலாம். ஓராண்டு அங்கே வாழ்ந்த பிறகு நான் அப்படி நினைக்கவில்லை. அவர்கள் அஞ்சுவது குளிரைக் கண்டு அன்று. குளிர் எப்போது வரும், எப்போது போகும் என்பது தெரிந்தால் போதும். விதைப்பார்கள், அறுப்பார்கள், விறகு அடுக்குவார்கள், பிள்ளைகளுக்கு விடுமுறை விடுவார்கள். "பருவத்தே பயிர் செய்" என்ற நம் முதுமொழியின் பொருளே அதுதான். பருவம் தவறாமல் வரும் என்ற நம்பிக்கைதான் அதற்கு அடிப்படை. அந்த நம்பிக்கை தளரும்போது உழவர் மட்டுமன்றி ஊரே தன் நாட்காட்டியைத் திருத்தி எழுத வேண்டியிருக்கிறது.