அப்பா என்ன வேலை பார்க்கிறார்?

காலையில் சட்டை மாட்டிக்கிட்டுக் கிளம்புற அப்பா, ஆபீஸில் உண்மையில் என்னதான் பண்றார்னு என்னைக்காவது யோசிச்சிருக்கீங்களா? கேட்டால் ‘உனக்கெதுக்குடா அதெல்லாம், போய்ப் படி’னு பதில் வரும். நாமளும் விட்டுடுவோம்.

மைக்கேல் விடலை. வயசு 12. ஒரு ராத்திரி அப்பாவோட காருக்குள் பதுங்கிக்கிட்டு அவர் பின்னாடியே போயிட்டான். கிடங்குச் சுவரில் ஒரு இடுக்கு. அது வழியா எட்டிப் பார்த்தால்... உள்ளே அப்பா கையில் மெஷின் கன்! அவரோட முதலாளி மகன் ஒருத்தரைச் சுட்டுத் தள்ள, அப்பாவும் சேர்ந்து சுடுகிறார். பார்த்தது தெரிஞ்சுபோச்சு. அடுத்த சில நாளில் அம்மாவும் தம்பியும் பிணம். மிச்சம் அப்பாவும் பையனும்தான். ரெண்டு பேரும் ஒரு காரில் ஏறி ஓட ஆரம்பிக்கிறாங்க.

இதுதான் ‘ரோட் டு பெர்டிஷன்’. டாம் ஹாங்க்ஸ் நடிச்சு 2002 ஜூலையில் வந்த படம். ‘அட, பார்த்திருக்கேனே’ங்கிறவங்க நிறையப் பேர் இருப்பீங்க. ஆனா இது ஒரு காமிக்ஸிலிருந்து வந்த படம்னு எத்தனை பேருக்குத் தெரியும்? அதே வருஷம் மே மாசம்தான் ‘ஸ்பைடர்மேன்’ வந்து வசூலை அள்ளியிருந்தான். காமிக்ஸ் படம்னா முகமூடி, பறக்கிற ஹீரோ, உலகத்தைக் காப்பாத்துறதுன்னு ஒரு ஃபார்முலா. இங்கே அது எதுவுமே கிடையாது. நீளமான கோட், தொப்பி, பனி, மழை, ஒரு அப்பா. அவ்வளவுதான்.

புத்தகம் வந்தது 1998-ல். 300 பக்கம், முழுக்கக் கறுப்பு வெள்ளை. எழுதியவர் மேக்ஸ் ஆலன் காலின்ஸ். ‘டிக் டிரேஸி’ங்கிற புகழ்பெற்ற துப்பறியும் படக்கதைக்கு 15 வருஷம் கதை எழுதியவர். வரைஞ்சவர் ரிச்சர்ட் பியர்ஸ் ரேனர்ங்கிற இங்கிலாந்துக்காரர். மனுஷன் அவசரப்படுற ஆளே இல்லை. கட்டடங்களின் செங்கல், காரின் சக்கரக் கம்பி, ஜன்னலில் விழுற வெளிச்சம்னு ஒவ்வொண்ணையும் கோடு கோடா இழுத்திருக்கார். வரைஞ்சு முடிக்க அவருக்குக் கிட்டத்தட்ட நாலு வருஷம் ஆச்சாம். ஒரு டிகிரியும் முடிச்சு ஒரு அரியரும் க்ளியர் பண்ணியிருக்கலாம்!

கதையோட விதை எங்கேர்ந்து வந்ததுன்னு காலின்ஸ் ஒளிச்சு வைக்கலை. 1970-ல் ஜப்பானில் ஆரம்பிச்ச ‘லோன் உல்ஃப் அண்ட் கப்’ங்கிற காமிக்ஸ்தான். துரோகத்தால் எல்லாத்தையும் இழந்த ஒரு சாமுராய், தன் கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வெச்சுக்கிட்டு, கூலிக்குக் கொலை செய்தபடி ஊர் ஊரா அலைகிறான். கிளம்பறதுக்கு முன்னாடி குழந்தை முன்னால் ஒரு பந்தையும் ஒரு வாளையும் வைக்கிறான். பந்தைத் தொட்டால் செத்துப்போன அம்மாகிட்டேயே அனுப்பிடுவான். வாளைத் தொட்டால் தன்னோட கூட்டிட்டுப் போவான். குழந்தை தவழ்ந்து போய் வாளைத் தொடுது. படிக்கும்போதே வயித்தைப் பிசையும். இந்தக் காட்சியைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கங்க, அப்புறம் தேவைப்படும்.

சாமுராயை அமெரிக்காவுக்குக் கொண்டுவர காலின்ஸ் ரொம்ப தூரம் போகலை. அவர் ஊர் அயோவா மாநிலத்தில் மிசிசிப்பி ஆத்தங்கரையில் இருக்கிற மஸ்கட்டீன். அதே ஆத்தில் கொஞ்சம் மேலே போனால் ராக் ஐலண்ட். அங்கே நிஜமாவே ஜான் லூனினு ஒரு தாதா இருந்தார். சூதாட்டம், கள்ளச்சாராயம் எல்லாம் உண்டு. ஆனா அவரோட ஸ்பெஷல் ஐட்டம் பத்திரிகை! ‘ராக் ஐலண்ட் நியூஸ்’னு சொந்தமா ஒரு பேப்பர் நடத்தினார். ‘உன்னைப் பத்தி ஒரு மேட்டர் இருக்கு, காசு கொடுத்தா போட மாட்டேன்’ - இதுதான் பிசினஸ். 1922-ல் அவர் மகன் கானர் துப்பாக்கிச் சண்டையில் செத்துப்போனான். 1925-ல் லூனிக்குக் கொலை வழக்கில் தண்டனை. அதாவது, கதை நடக்கிற காலத்தில் நிஜ லூனி ஏற்கெனவே உள்ளே போயாச்சு. கதைக்காகக் காலத்தை நகர்த்தியிருக்கார் காலின்ஸ். படத்தில் லூனி, ‘ரூனி’ ஆகிட்டார். ஹீரோ ஓ’சல்லிவன் வெறும் ‘சல்லிவன்’ ஆகிட்டார்.

படத்தை எடுத்தவர் சாம் மெண்டிஸ். ‘அமெரிக்கன் பியூட்டி’க்கு ஆஸ்கர் வாங்கிய கையோடு எடுத்த ரெண்டாவது படம். தாதா ரூனியா பால் நியூமேன். அவர் மகனா டேனியல் கிரெய்க் (ஜேம்ஸ்பாண்ட் ஆகறதுக்கு நாலு வருஷம் முன்னாடி பாஸ், இதில் சரியான கோழை வில்லன்). புத்தகத்தில் நிமிஷத்துக்கு ஒரு துப்பாக்கிச் சண்டை. ஹீரோவுக்கே ‘மரண தேவதை’ ரேஞ்சுக்குப் பட்டப்பேர் உண்டு. ஹாங்காங் ஆக்‌ஷன் படம் மாதிரி ஒத்தை ஆளா ஒரு கூட்டத்தையே காலி பண்ணுவார். மெண்டிஸ் அதையெல்லாம் கழிச்சுட்டார். பாதி கொலைகளை நாம பார்க்கறதே இல்லை. கதவு மூடும், சத்தம் கேட்கும், பையன் முகம் தெரியும். அல் கபோன் வர்ற ஒரு சீனைக்கூட எடுத்துட்டு, எடிட்டிங்கில் தூக்கிட்டார்.

ஒரே ஒரு சீனுக்காகவே இந்தப் படத்தைப் பார்க்கலாம். ராத்திரி, கொட்டுற மழை. ரூனி தன் ஆட்களோட காரை நோக்கி நடக்கிறார். டிரைவர் ஏற்கெனவே செத்துக் கிடக்கிறான். தூரத்து இருட்டில் துப்பாக்கி வெடிக்கிற வெளிச்சம் மட்டும் மின்னுது. சத்தமே இல்லை! பின்னணியில் தாமஸ் நியூமேனின் இசை மட்டும். ஆட்கள் ஒவ்வொருத்தரா விழறாங்க. ரூனி திரும்பிக்கூடப் பார்க்காமல் நிக்கிறார். யார் வர்றான்னு அவருக்குத் தெரியும். தன் மகன் மாதிரி வளர்த்தவன். மெதுவாத் திரும்புறார், ஒரு வரி பேசுறார். அப்புறம்தான் துப்பாக்கிச் சத்தம் நம்ம காதைப் பிளக்குது. என்ன பேசுறார்னு சொல்ல மாட்டேன், பார்த்துக்கங்க.

அந்த மழையைப் படம் பிடிச்சவர் கான்ராட் ஹால். ‘புட்ச் கேஸிடி அண்ட் தி சன்டான்ஸ் கிட்’ படத்துக்காக முதல் ஆஸ்கர் வாங்கியவர். அதிலும் ஹீரோ இதே நியூமேன்தான். ‘ரோட் டு பெர்டிஷ’னுக்கு ஆறு ஆஸ்கர் பரிந்துரை, கிடைச்சது ஒண்ணு. அது ஹாலுக்கு. ஆனா 2003 மார்ச்சில் விருது கொடுக்கும்போது அவர் உயிரோட இல்லை. ஜனவரியிலேயே காலமாகிட்டார். மேடையேறி வாங்கியது அவர் மகன். அப்பா-மகன் படத்துக்கு இப்படி ஒரு முடிவு.

சரி, இனிமே க்ளைமாக்ஸ். பார்க்காதவங்க அடுத்த ரெண்டு பாராவைத் தாண்டிடுங்க.

பெர்டிஷன்ங்கிறது கதையில் ஒரு ஊர். அந்த வார்த்தைக்கே நரகம்னும் ஒரு அர்த்தம் உண்டு. ஹாங்க்ஸ் படம் முழுக்கப் பயப்படுறது ஒரே விஷயத்துக்குத்தான்: பையன் தன்னை மாதிரி ஆகிடக் கூடாது. கார் ஓட்டக் கத்துக்கொடுப்பார், பேங்க் கொள்ளைக்குக் கூட்டிப்போவார், ஆனா... கடைசியில் ஏரிக்கரை வீட்டில் அப்பா குண்டடி பட்டுக் கிடக்க, பையன் கையில் துப்பாக்கி. எதிரே கொலைகாரன். சுட முடியலை அவனால். அப்பாவே சுட்டுட்டு, நிம்மதியாக் கண்ணை மூடுறார்.

புத்தகத்தில் அப்படியில்லை. பையனும் சுடுகிறான், கொல்கிறான். அந்தப் பாவத்தோடயே வளர்ந்து, கடைசியில் பாதிரியார் ஆகிறான். அந்தப் பாதிரியார்தான் நமக்குக் கதை சொல்லிட்டு இருக்கார். ஜப்பான் குழந்தை வாளைத் தொட்டுச்சே, அதே வாளைத்தான் காலின்ஸின் பையனும் தொடறான். ஹாலிவுட் பையன் மட்டும் பந்தோட தப்பிச்சுட்டான். எனக்கு என்னவோ இந்த இடத்தில் புத்தகம்தான் நேர்மையா தெரியுது. ஆறு வாரம் ஒரு கொலைகாரனோட காரில் சுத்தினவன், கையில் கறையே படாமல் இறங்குறதை நம்பக் கொஞ்சம் கஷ்டமா இருக்கு. அதே சமயம், பிணங்களை போட்டோ எடுக்கிற கொலைகாரனா ஜூட் லா வர்றாரே, அந்தக் கேரக்டர் புத்தகத்தில் கிடையாது. படத்துக்காகவே உருவாக்கினது. அதுக்கு ஃபுல் மார்க்.

இதில் பெரிய காமெடி ஒண்ணு இருக்கு. படம் வந்தப்போ அதை நாவலா எழுதித் தரச் சொல்லி காலின்ஸையே கேட்டாங்க. தன் காமிக்ஸிலிருந்து எடுத்த படத்தை, தானே நாவலா எழுதணும்! மனுஷன் ஆசையா, விரிவா எழுதினார். படத்தில் இல்லாத எதுவும் வரக் கூடாதுன்னு கண்டிஷன். அவர் கதையில் அவரே சேர்த்ததை அவரே வெட்ட வேண்டியதாப்போச்சு. வெட்டின குட்டி நாவல்தான் 2002-ல் வந்தது. முழுசு வெளிவர 2016 வரைக்கும் காத்திருந்தார்.

முதல்ல எது, புத்தகமா படமானு கேக்குறீங்களா? படம். மழை சீனை லேப்டாப் ஸ்பீக்கரில் கேட்காதீங்க, ஹெட்போன் மாட்டிக்கங்க. அப்புறமா புத்தகத்தைப் பிரிச்சு, அந்தப் பையன் துப்பாக்கியைத் தூக்குற பக்கத்துக்கு வாங்க.